அரிசியைப் பற்றியும் எழுதலாம், அரிசி விற்கவும் எழுதலாம்

வாசகி கடிதம்:

ஐயா, வணக்கம். மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா மூன்று ஏக்கரில் மாப்பிள்ளைச் சம்பாவும் கொஞ்சம் கருப்புக் கவுனியும் போடுகிறார். நெல்லைக் காயவைத்து, பட்டை தீட்டாமல் மில்லில் அரைத்து, வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்புவது என் வேலை. இரண்டு வருடமாக இணையத்தில் கட்டுரைகளும் எழுதுகிறேன். நடவு, அறுவடை, பாட்டி சமையல் என்று எழுதும்போது நிறையப் பேர் படிக்கிறார்கள். ஆனால் அரிசி வாங்குவதற்கான லிங்க்கை நடுவில் போட்டால் கட்டுரையே விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது. "நீ அரிசியைப் பத்தி எழுதுறியா, அரிசி விக்கறதுக்காக எழுதுறியா?" என்று சித்தப்பா கேட்டுவிட்டார். லிங்க் போடாமல் விட்டால் ஒரு கிலோகூட நகர்வதில்லை. எங்கே போடுவது, எத்தனை முறை போடுவது, என்ன வார்த்தை எழுதுவது? இன்னொன்று: கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர், தன் ஈயச்சொம்புக்கு என் கட்டுரையில் லிங்க் கொடுத்தால் கமிஷன் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? மூன்று கட்டுரைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மன்னார்குடி வட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி, வணக்கம்.

மூன்று கட்டுரைகளையும் படித்தேன். உங்கள் சித்தப்பாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் எழுத்தில் லிங்க் வரும் இடங்களில் தெரிகிற பதற்றம் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகிறது. நீங்கள் இரண்டுக்கும்தான் எழுதுகிறீர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கிற பயிர். ஆளுயரத்துக்கு வளரும், மழை காற்றில் சாயும், புது ரகங்கள் தரும் மகசூலைத் தராது. அதைத் தேடி வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால் அப்பா எத்தனை வருடம் அதைப் போடுவார்? நீங்கள் விற்பதால்தான் அந்த நெல் உங்கள் வயலில் நிற்கிறது. அதை மனதில் நிறுத்திக்கொண்டு எழுத உட்காருங்கள்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் 2006இல் தொடங்கிய நெல் திருவிழா உங்களுக்குத் தெரியாததல்ல. 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. விதையைக் கையில் வாங்கும்போதே எதிர்பார்ப்பு என்ன என்று தெரிந்துவிடும். அதனால் யாருக்கும் அது கசக்கவில்லை. ஏதோ ஒன்றை இனாமாகக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போனபிறகு பணம் கேட்டால்தான் கசக்கும். உங்கள் கவுனிக் கட்டுரையில் நடப்பது இந்த இரண்டாவது வகை. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதல் நான்கு பத்திகள் மிக நன்றாக இருக்கின்றன. கவுனியை இரவே ஊறவைப்பது, ஊறிய தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறுவது, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்கச் சொல்லிப் பாட்டி கண்டிப்பது, வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பது. ஐந்தாம் பத்தியில் வேறு யாரோ வந்து பேசுகிறார்கள். "இத்தகைய அற்புதமான கவுனி அரிசியை உடனே ஆர்டர் செய்யுங்கள்! ஸ்டாக் தீரும் முன் முந்துங்கள்!" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் யாரிடமும் நீங்கள் 'இத்தகைய அற்புதமான' என்று பேசியிருக்க மாட்டீர்கள். படிக்கிறவருக்கு லிங்க் உறுத்துவதில்லை. குரல் மாறியதுதான் உறுத்துகிறது. அதைவிட மோசமாக, முன்னால் படித்த நான்கு பத்தியும் இதற்காகத்தான் எழுதப்பட்டதோ என்ற சந்தேகம் பின்னோக்கிப் போகிறது. பாட்டியின் கண்டிப்புகூடப் பொய்யாகத் தெரிய ஆரம்பிக்கிறது. பெரிய நஷ்டம் அதுதான்.

நான் என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் வேலை இது. லிங்க்கையும் அதை ஒட்டிய வாக்கியங்களையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கட்டுரை முழுசாக நிற்கிறதா? வாங்காமல் போகிறவருக்கும் கையில் ஏதாவது கிடைத்ததா? கிடைத்தது என்றால் அதில் லிங்க் போடும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. கவுனிக் கட்டுரை இந்தச் சோதனையில் தேறுகிறது. ஐந்தாம் பத்தியை எடுத்தால் ஒரு குறையும் தெரியவில்லை.

சரி, எங்கே போடுவது? பந்தியில் நன்றாகப் பரிமாறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இலையைப் பார்த்துத்தான் வாளியைச் சாய்ப்பார்கள். சாம்பார் தீரும் முன்பே ரசத்தைக் கொண்டுவந்து நிற்க மாட்டார்கள். கட்டுரையிலும் படிக்கிறவர் மனதில் ஒரு கேள்வி எழும் இடம் ஒன்று இருக்கும். உங்கள் பழைய சோற்றுக் கட்டுரையில் அது மூன்றாம் பத்தியில் வருகிறது. மாப்பிள்ளைச் சம்பாச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலையிலும் பருக்கை பருக்கையாக நிற்கும், பொன்னிச் சோறு மாதிரிக் கரைந்து போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். திருச்சியிலோ சென்னையிலோ உட்கார்ந்து இதைப் படிக்கிறவர் அந்த இடத்தில், 'இந்த அரிசிக்கு நான் எங்கே போவேன்?' என்று நினைப்பார். நீங்கள் பதில் சொல்லாமல் நகர்ந்து, கடைசியில், அவர் அதை மறந்தபிறகு, தடித்த எழுத்தில் சொல்கிறீர்கள்.

அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் வரட்டும். "நாங்கள் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் அதே அரிசியைத்தான் வெளியூருக்கும் அனுப்புகிறோம்: பட்டை தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா, 1 கிலோவிலிருந்து." லிங்க் 'பட்டை தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா' என்ற சொற்களில் இருக்கட்டும். அடுத்த வாக்கியம் உடனே சின்ன வெங்காயத்துக்கும் மோர் மிளகாய்க்கும் திரும்பிவிட வேண்டும். சொல்லிவிட்டு நின்று முகத்தைப் பார்க்கக் கூடாது. வாங்க வேண்டியவர் தொடுவார். மற்றவர் மோர் மிளகாய்க்குப் போய்விடுவார். இருவருக்கும் இடைஞ்சல் இல்லை.

முதல் பத்தியில் லிங்க் வேண்டாம். வந்து உட்கார்ந்தவருக்கு நீங்கள் இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மாசியில் புது அரிசி வந்துவிட்டது என்று சொல்வதற்காகவே எழுதுகிற பதிவு. அதில் தலைப்பிலேயே "புது மாப்பிள்ளைச் சம்பா வந்துவிட்டது" என்று போட்டு, முதல் வரியிலேயே விலையையும் லிங்க்கையும் கொடுங்கள். விற்பனைப் பதிவு என்று தெரிந்தே திறக்கிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். அந்தப் பதிவுக்குப் போய்ப் பாட்டி கதையைச் சுற்றி வைப்பதுதான் அவர்கள் நேரத்தை வீணாக்குவது.

எத்தனை முறை என்று கேட்டிருந்தீர்கள். நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று போதும். முடிவில் வருவது எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரி, அடக்கமாக இருக்கட்டும். "மன்னார்குடி பக்கம் எங்கள் வயலில் அப்பா விளைவிக்கும் நெல்லை அரிசியாக்கி நான் விற்கிறேன்." இவ்வளவுதான். கவுனிக் கட்டுரையில் ஒரே லிங்க்கை ஐந்து இடத்தில் போட்டிருக்கிறீர்கள். முதல்முறை தொடாதவர் ஐந்தாம் முறை தொடுவார் என்பதற்கு நான் எந்த அறிகுறியும் கண்டதில்லை. எரிச்சலோடு மூடிவிடுவார் என்பதற்குக் கண்டிருக்கிறேன்.

லிங்க்குக்கு வைக்கும் சொற்களைப் பற்றிக் கொஞ்சம். 'இங்கே கிளிக் செய்யவும்' என்பதை விட்டுவிடுங்கள். தொட்டால் என்ன திறக்கும் என்று சொல்லாத எந்தச் சொல்லும் ஒரு சின்னப் பயத்தை உண்டாக்குகிறது. மோசடி லிங்க்குகளைப் பற்றித் தினமும் கேள்விப்படும் காலம் இது. லிங்க் அமைந்த சொற்களே அங்கே என்ன இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பதுதான் இணையதளம் நடத்துகிறவர்களுக்குக் கூகுள் சொல்லும் ஆலோசனையும். பார்வையற்ற வாசகர்கள் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளில் லிங்க்குகளை மட்டும் தனியாக வரிசைப்படுத்திக் கேட்கும் வசதி உண்டு. அவர்களுக்கு உங்கள் கட்டுரை 'இங்கே, இங்கே, இங்கே' என்று மட்டும்தான் கேட்கும். சுருக்கப்பட்ட லிங்க்கும் வேண்டாம், உங்கள் தளத்தின் பெயர் தெரிகிற முழு முகவரியே நம்பிக்கை தரும். தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் என்றால் "வாட்ஸ்அப்பில் கேட்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் லிங்க்கிலேயே ஒரு செய்தியை முன்கூட்டி எழுதி வைக்க முடியும். "வணக்கம், மாப்பிள்ளைச் சம்பா வேண்டும்" என்று வைத்துவிட்டால், எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

இப்போது நான் மிகவும் கவலைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். கவுனிக் கட்டுரையின் தலைப்பு: "சர்க்கரை நோயை அடியோடு விரட்டும் கருப்புக் கவுனி". இதை இன்றே எடுத்துவிடுங்கள். லிங்க் இல்லாத கட்டுரையில்கூட இது தவறு. லிங்க் இருக்கும்போது இது உங்கள் சரக்குக்கான விளம்பரம் ஆகிவிடுகிறது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரப்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர ஒழுங்குமுறைகள் அனுமதிப்பதில்லை. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டத்தை விடுங்கள். உங்கள் வார்த்தையை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால்? கவுனியும் அரிசிதான், அதிலும் மாவுச்சத்து உண்டு. தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து கூடுதல், அதன் கருநிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற நிறமி என்று எழுதுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும் என்று ஒரு வரி சேருங்கள். அப்படி எழுதினால் விற்பனை குறையும் என்று உங்களுக்குத் தோன்றலாம். நோய் தீரும் என்று நம்பி வாங்குகிறவர் ஒருமுறைதான் வாங்குவார். ருசிக்காக வாங்குகிறவர் திரும்ப வருவார்.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்கிறேன். யாருக்கு இந்த அரிசி சரிப்படாது என்பதையும் எழுதுங்கள். மாப்பிள்ளைச் சம்பா தடித்த சிவப்பு அரிசி. ராத்திரியே ஊறவைக்காமல் குக்கரில் போட்டால் வேகாமல் படுத்தும். பொன்னி மாதிரி மெத்தென்று தினமும் சாம்பாருக்குப் பிசைந்து சாப்பிட நினைப்பவர் ஏமாந்து போவார். அவருக்கு, "நீங்கள் தூயமல்லியைத் தேடுங்கள், எங்களிடம் அது இல்லை" என்று எழுதிப் பாருங்கள். இல்லாத சரக்கைப் பரிந்துரைக்கும் ஒருவர், இருக்கும் சரக்கைப் பற்றிச் சொல்லும்போது வாசகர் தயக்கமில்லாமல் நம்புவார். பட்டை தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும், வண்டும் சீக்கிரம் வரும். ஆகவே இரண்டு மூன்று மாதத்தில் தீரும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள் என்று லிங்க்கை ஒட்டியே சொல்லலாம். இது உங்கள் அனுபவத்தில் தினமும் பார்ப்பது. மூட்டையாக வாங்கச் சொல்லிக் கெஞ்சாத வியாபாரி என்ற பெயர் உங்களுக்கு எந்த விளம்பர வரியையும்விட அதிகம் தரும்.

மூன்றாவது கட்டுரை கஜா புயலைப் பற்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலை, விழுந்த தென்னைகள், கூரை போன வீடுகள். படிக்கும்போது என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை, அவ்வளவு உண்மையாக எழுதியிருக்கிறீர்கள். அதன் முடிவிலும் அரிசி லிங்க் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். இங்கே அளவு, சொல், இடம் என்று எதைத் திருத்தினாலும் சரியாகாது. சாவும் சேதமும் பேசும் கட்டுரையில் விற்பனை கூடவே கூடாது. கடைசியில் வரும் அறிமுக வரிகூட அதில் வேண்டாம்.

அதேபோல, ஜூன் 12 மேட்டூர் திறப்பைப் பற்றியோ, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராத வருடங்களைப் பற்றியோ எழுதும்போதும் நடுவில் லிங்க் வைக்காதீர்கள். மேட்டூரில் 120 அடி நிரம்பிய வருடமும் நிரம்பாத வருடமும் உங்கள் வயலுக்கு என்ன செய்தன என்பதை எழுத உங்களைப் போல உள்ளே இருப்பவர்கள் வேண்டும். அந்தக் கட்டுரைகளை விற்பனைக்கு வெளியே வையுங்கள். நான் சொல்லும் கணக்கு, மூன்று கட்டுரை எழுதினால் ஒன்றில் மட்டும் நடுவில் லிங்க். இது என் பழக்கம்தான், விதி இல்லை. ஆனால் அடுத்த கட்டுரையைத் திறக்கும்போது 'இதிலும் விற்பாளோ' என்று வாசகர் எச்சரிக்கையாகாமல் இருக்க இது உதவுகிறது.

'ஸ்டாக் தீரும் முன் முந்துங்கள்' என்பதை எல்லா மாதத்திலும் போட்டிருக்கிறீர்கள். வயலைத் தெரிந்த வாசகர்களும் உங்களுக்கு உண்டு. சம்பா தை, மாசியில் அறுவடையாகும், மாசியில் யாரிடமும் சரக்கு தீர்வதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஐப்பசியில் உண்மையாகவே 40 கிலோதான் மிச்சம் என்றால், "40 கிலோ இருக்கிறது, அடுத்து தை அறுவடைக்கு அப்புறம்தான்" என்று எழுதுங்கள். தீர்ந்துபோனால் பழைய கட்டுரைகளிலும் லிங்க் திறக்கும் பக்கத்தில் அதைச் சொல்லிவிடுங்கள். பணம் கட்டியபிறகு இல்லை என்று சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

ஈயச்சொம்புக்கு வருவோம். கமிஷன் வாங்குவது தவறில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. ஒன்று, அந்தக் கடைச் சொம்பில் நீங்களே ரசம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு, கமிஷன் வருகிறது என்பதை லிங்க்குக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். "இந்த லிங்க் வழியாக வாங்கினால் கடைக்காரர் எனக்குக் கமிஷன் தருவார்" என்று தமிழில், தெளிவாக. கட்டுரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒளித்துவைத்தால் கணக்கில்லை. பணம் பெற்றோ பொருள் பெற்றோ பரிந்துரைப்பவர்கள் அந்த உறவைச் சொல்லியாக வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021இல் வழிகாட்டுதல் கொடுத்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2022 ஜூனில் அதையே வலியுறுத்தியது. நம்மைப் போன்ற சின்ன ஆட்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். உங்கள் வாசகர் பார்ப்பார். தளத்தில் அந்த லிங்க்கின் குறியீட்டில் 'ஸ்பான்சர்டு' (rel="sponsored") என்று குறித்துவிடுங்கள். கமிஷன் லிங்க்குகளுக்காகக் கூகுள் 2019இல் கொண்டுவந்த அடையாளம் அது. உங்கள் சொந்த அரிசிப் பக்கத்துக்குப் போகும் லிங்க்குக்கு அது தேவையில்லை.

ஈயச்சொம்பு கட்டுரையையே எடுத்துக்கொண்டால், வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது எது? வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்பது. ஈயச்சொம்பு செய்யும் வெள்ளீயம் (டின்) 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும் உலோகம். புளித்தண்ணீரை ஊற்றியபிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும், தீ சின்னதாக இருக்க வேண்டும், ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். காரீயம் (லெட்) நஞ்சு, ஆகவே சுத்த வெள்ளீயம்தானா என்று கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நீங்கள் விசாரித்துத் திருப்தியான கடை என்று ஒரு வரியில் லிங்க் கொடுத்தால் அது திணிப்பாகத் தெரியவே தெரியாது. 'உருகும் என்று எழுதாதீர்கள், வியாபாரம் கெடும்' என்று கடைக்காரர் சொன்னால், அந்தக் கமிஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முடிவாக ஒரு நடைமுறை வேலை. புதிதாக எழுதும் முன், அதிகம் படிக்கப்படும் பழைய கட்டுரைகளைத் திருத்துங்கள். பழைய சோற்றுக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம், அதில் வேலை குறைவு. அப்புறம் கவுனி. லிங்க் போய்ச் சேரும் பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அங்கே பூவும் பட்டாசுமாக மூன்று படங்கள் கடந்த பிறகுதான் விலை வருகிறது, கூரியர் செலவு கடைசி நிலையில்தான் தெரிகிறது. கட்டுரையில் எவ்வளவு பக்குவமாகப் பேசினாலும் அங்கே போனதும் ஆள் திரும்பிவிடுவார். அரிசியின் பெயர், எந்த மாதம் அறுத்தது, எப்போது அரைத்தது, கிலோ விலை, தமிழ்நாட்டுக்குள் கூரியர் எவ்வளவு, வெளிமாநிலத்துக்கு எவ்வளவு என்று முதல் திரையிலேயே போட்டுவிடுங்கள். கூரியரோடு சேர்த்து 5 கிலோவுக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு உதாரணக் கணக்கும் அங்கேயே இருக்கட்டும்.